இரவல் பெஞ்சுகள்

தெருவுக்கு இந்தப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கூடம், அந்தப் பக்கமும் ஓர் அரசுப் பள்ளிக்கூடம். இரண்டுக்கும் படியளப்பது ஒரே அரசாங்கம்தான். ஆனால் அந்தப் பக்கம் அதிகாரிகளின் பிள்ளைகள் படித்தார்கள்; மின்விசிறி, குழாய்த் தண்ணீர் எல்லாம் உண்டு. கூட்ட மண்டபத்தில் பெஞ்சுகள் சும்மாவே கிடந்தன. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தரையும் ஒழுகுகிற கூரையும்தான். கேட்டால் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார்கள். அந்த அடுத்த வருஷம் எந்தக் காலண்டரில் இருக்கிறதோ, யார் கண்டது!

இந்தப் பக்கத்துப் பள்ளியில் மணியடிக்கிறவளை எல்லோரும் மணியக்கா என்றே கூப்பிட்டார்கள். மணி மட்டுமா? பெருக்குவது, தண்ணீர் சுமப்பது, ஒழுகுகிற மூக்கைத் துடைத்துவிடுவது எல்லாம் அவள் தலையில்தான். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் இன்னொரு வேலையும் சேரும். எதிர்ப் பள்ளி மண்டபத்திலிருந்து பெஞ்சுகளை இரவல் வாங்க வேண்டும். பிள்ளைகள் பெஞ்சுக்கு நாலு பேராகத் தூக்கி வருவார்கள். வந்தவர் தலையாட்டிவிட்டுப் போனதும் பெஞ்சுகள் வந்த வழியே போய்விடும். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் மூன்றாம் வகுப்புக் கூரை இடிந்து விழுந்தது. போனது மணியக்காவுடைய அக்காவின் ஒரே மகள். கல்லையும் மண்ணையும் வெறுங்கையால் அள்ளிப் போட்டுக் குழந்தையை வெளியே எடுத்தவள் மணியக்காதான்.

மகளைப் பறிகொடுத்த அக்கா கண்ணீர் காய்வதற்குள் கோர்ட்டுக்குப் போனாள். நஷ்டஈடு கேட்கவில்லை. "எதிர்ல இருக்குற பள்ளிக்கூடத்துல என்னென்ன இருக்கோ, அதெல்லாம் இங்கயும் இருக்கணும். அவ்ளோதான்" என்றாள். நேரில் பார்த்து அறிக்கை தர நீதிபதி ஒரு வக்கீலை நியமித்தார். அவர் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

மணியக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கிழிந்த பாயைச் சுருட்டி ஒளித்துவிட்டு விருந்தாளியை உள்ளே கூப்பிடுகிற வீட்டில் வளர்ந்தவள். பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துக் காட்டினால் கோர்ட் நம்மை மதிக்குமா? கௌரவமாக இருந்தால்தான் நம் பேச்சு எடுபடும் என்று நினைத்தாள், பாவி. பெஞ்சுகள் வந்தன. இடிந்த வகுப்பைப் பூட்டி, கதவுக்கு முன்னால் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்தாள். வந்த வக்கீல், "இது என்னம்மா?" என்று கேட்டார்.

"பழைய சாமான் போடுற ரூம் சார்."

அவர் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. போதுமான இருக்கைகள் உள்ளன, குறையொன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. கோர்ட்டில் அதைப் படித்தபோது அக்கா திரும்பித் தங்கையைப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது.

அந்த அறை மணியக்காவை விடவில்லை. வாசலைப் பெருக்கும்போது பூட்டிய கதவுக்குப் பின்னால் ஸ்லேட்டில் பலப்பம் உரசும் சத்தம் கேட்கும். துடைப்பத்தை நிறுத்தினால் அதுவும் நிற்கும். ஒரு மத்தியானம், "சித்தி, நான் பழைய சாமானா?" என்று பக்கத்தில் நின்று கேட்பதுபோல் கேட்டது. பேயோ மனசாட்சியோ, எந்தப் பெயர் வைத்தால் என்ன? கேட்டது கேட்டதுதான். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அக்காவுக்காக வாதாடும் வக்கீலம்மாவைத் தேடிப் போனாள். "பெஞ்சு கொண்டுவந்தது நான்தான்மா. கோர்ட்ல சொல்லிடுறேன்."

"வேலை போயிடுமே!"

"போகட்டும். காதுல கேக்குறது நின்னா போதும்."

கூண்டில் ஏறி ஒன்று விடாமல் சொன்னாள். நீதிபதி பழைய அறிக்கையை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, "இப்பவே கிளம்புங்க. யாருக்கும் சொல்லாதீங்க. இவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க" என்று முன்பு அறிக்கை தந்த அதே வக்கீலிடம் சொன்னார். காரின் பின்சீட்டில் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

இடைவேளை நேரம். காரைக் கண்டதும் எவனோ ஒருவன், "ஆபீசர் வர்றாங்க டோய்!" என்று கத்தினான். எந்த ஆசிரியரும் வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை. பிள்ளைகள் தெருவைக் கடந்து எதிர்ப் பள்ளி மண்டபத்துக்கு ஓடினார்கள். பெஞ்சுக்கு நாலு பேர். ஆள் போதாத பெஞ்சை முதல் வகுப்புப் பொடிசுகள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தன. இரண்டு பெண் பிள்ளைகள் கரும்பலகையைத் தூக்கிப் போய் அந்தக் கதவில் சாய்த்தார்கள். வக்கீல் வாசலிலேயே நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

மணியக்கா ஓடினாள். "வேணாம் கண்ணுங்களா! கீழ வைங்க, கீழ வைங்க!"

ஒருவரும் வைக்கவில்லை. பெஞ்சின் ஒரு மூலையைப் பிடித்திருந்த சிறுமி மூச்சு வாங்கச் சிரித்தாள். "பயப்படாதீங்க மணியக்கா. நீங்க இல்லாட்டியும் எங்களுக்குத் தெரியும்."

அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். இத்தனை மாதம் கழித்து இப்போதுதான் வாய் திறந்தாள்.

"கேஸு ஜெயிச்சிடும்டி" என்றாள். "நல்லாத்தான் பழக்கி வச்சிருக்க."