நோட்டீஸ் தின்னும் பசு

திருவனந்தபுரம், சாலைக் கடைவீதி. மழை விட்டதும் வெயில் துள்ளிக் குதித்து வருகிறது. ஓடு வேய்ந்த ஒரு பழைய கட்டடத்தின் வாசல் நிழலில் நின்று மோர் குடிக்கிறேன்.

மோர் விற்கும் செல்லம்மாவுக்கு இந்த நிழல்தான் கடை. கட்டடத்தின் முதலாளிக்கோ இதை இடித்துவிட்டு மாடி வைத்த இரும்புக்கடை கட்ட ஆசை. பழைய கட்டடம், இடிக்கக் கூடாது என்று மகாராஜா சர்க்கார் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அது சுவரில் இருக்கும்வரை கடப்பாரை தொடக் கூடாது.

"போன நோட்டீஸைப் பசு தின்னுட்டு அண்ணாச்சி. கஞ்சிப் பசையாக்கும், ருசி கண்டுட்டு. முதலாளி தெனமும் பசுவை இங்கன கொண்டாந்துல்லா கெட்டுகாரு!"

"இதையும் தின்றுவிடுமே?"

"தின்னட்டும், பாப்போம். இந்தத் தடவ பியூனுக்குப் பசை காய்ச்சிக் கொடுத்தது நானாக்கும்."

சுவரிலுள்ள இரும்பு வளையத்தில் கட்டிய பசு நோட்டீஸின் ஓரத்தை நக்குகிறது. யோசிக்கிறது. பிறகு தெருவே திரும்பிப் பார்க்க ஒரு தும்மல், இன்னொரு தும்மல்.

முதலாளி ஓடி வருகிறார். "எந்தா செல்லம்மா, பசுவுக்கு என்னத்தைக் கொடுத்தே?"

"நான் எங்க கொடுத்தேன், முதலாளி? அதுவாட்டுதான் சர்க்கார் உத்தரவைத் தின்னப் போச்சு. பசையில நல்லமிளகு கூடிப்போச்சோ என்னவோ!"

கடைவீதி சிரிக்கிறது. முதலாளி பசுவை அவிழ்த்துக்கொண்டு போகிறார். காலியான வளையத்தில் செல்லம்மா தன் கடைப் படுதாவின் கயிற்றை இழுத்துக் கட்டுகிறாள், இரட்டை முடிச்சாக.