பாஷெத் மிதித்த மண்

எங்கள் மெஸு ஊரில் பிள்ளை அடம்பிடித்தால் தாயைக் குறை சொல்ல மாட்டோம், தகப்பனையும் குறை சொல்ல மாட்டோம். “பாஷெத் அன்னைக்கு அரைத் தூக்கத்துல மிதிச்சிருப்பான்” என்போம். பிள்ளை காலைச் சாய்த்து நடந்தால், மண்ணில் கல் கிடந்திருக்கிறது என்போம். பாஷெத் என் தங்கை ஹெனுத்தின் புருஷன். ஊருக்கு மண் மிதிப்பதுதான் அவன் வேலை. எங்கள் கரையில் இருபது வருஷத்தில் பிறந்த அத்தனை பேரும் அவன் காலடியில் கிடந்தவர்கள்தான்.

கடவுள்கள் குடியிருக்கிற கண்டமாமே என்று கடல் தாண்டி வரும் வணிகர்கள் வாயைப் பிளப்பார்கள். பக்கத்து வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும். ஆற்று நடுத்தீவில் ஆட்டுத்தலையோடு உட்கார்ந்திருக்கும் குயவச் சாமி குனூம் தன் சக்கரத்தில் வனைந்தால்தான் இங்கே ஒரு வயிறு நிலைக்கும். நாள் தள்ளிப்போன மூன்று மாதத்துக்குள் இரண்டு கை கொள்ளும் மண் உருண்டை தீவுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வயிறு கலைந்துவிடும். மண்ணும் வெள்ளம் கொண்டுவந்த வண்டலாகத்தான் இருக்க வேண்டும். பாஷெத் மிதித்துக் கொடுப்பான், நான் ஓடத்தில் ஏற்றிக்கொண்டு போவேன்.

மிதிக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான். ஒரு மணல் துகள் இருந்தாலும் குதிகாலில் தெரிந்துவிடும். குனிந்து எடுத்து எறிவான், மறுபடி மிதிப்பான். இரண்டு மண்ணை ஒன்றாகச் சேர்த்தானென்றால் எங்கே சேர்ந்தது என்று யாராலும் காட்ட முடியாது. பிள்ளைக்கு ஆசைப்பட்ட பெண்கள் வேலியோரம் நின்று பார்ப்பதுதான் அவனுக்குப் பிடிக்காது.

“எம் பிள்ளைக்கு மூக்கு எடுப்பா வரணும் தம்பி, பாத்து மிதி” என்றாள் ஒருநாள் மீன்காரி தபூபு.

“மூக்குக்கு நான் பொறுப்பில்லக்கா. வீட்டுக்குப் போயி உங்க வீட்டுக்காரர் மூஞ்சியப் பாத்துட்டு வந்து பேசுங்க.”

ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அவன் வீட்டில் மட்டும் தொட்டில் கட்டவில்லை. முதல் தடவை ஹெனுத் முழுகாமல் இருந்தபோது வண்டல் குறைவு. வரிசை வரிசைதான் என்று மற்றவர்களுக்குக் கொடுத்தான், தன் முறை வருவதற்குள் மண் தீர்ந்துவிட்டது. இரண்டாம் தடவையும் அதே கதை. நான் அவனோடு நாலு மாதம் பேசவில்லை. நேர்மை என்றால் இப்படியா. என் தங்கை இரண்டு தடவையும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததை நான்தானே பார்த்தேன்.

மூன்றாம் தடவை அவள் உண்டானபோது வெள்ளமே வரவில்லை. தெற்கே குகையில் தொந்தியோடு படுத்துக்கொண்டு வெள்ளத்தைத் திறந்துவிடும் ஹாபிக்கு யார்மேல் என்ன கோபமோ. ஆறு நடுவில் ஒடுங்கிக் கரையோரப் படுகை வெடித்தது. போன வருஷத்து வண்டல் ஜாடியில் ஈரத்துணி போட்டு வைத்திருந்தது நாலு உருண்டைக்குத்தான் வரும். காத்திருந்ததோ ஐந்து பெண்கள். ஹெனுத் ஐந்தாவது.

“நாலு உருண்டையிலயும் ஒரு பிடி கிள்ளி எடு மாப்ளே. யாருக்குத் தெரியப்போகுது?” என்றேன்.

“கிள்ளுறது எந்தப் பிள்ளையோட விரலா இருக்கும் மச்சான்?” என்று கேட்டான்.

நாலையும் முழுதாக மிதித்து என் ஓடத்தில் ஏற்றினான். மூன்றாம் மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் ஐந்தாவது உருண்டையோடு வந்தான். துணியை விலக்கிப் பார்த்தேன். கருகருவென்று, எண்ணெய் தடவியதுபோல் இருந்தது. அப்படிப்பட்ட மண் எங்கள் ஊரில் ஒரே இடத்தில்தான் உண்டு.

தினம் விடியும்போது சூரியச் சாமி ராவின் படகு கிழக்கே ஏறி வரும். அபேப் என்கிற பாம்பு குறுக்கே கிடக்கும். படகில் இருப்பவர்கள் அதை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் மேலே வருவார்கள். வானத்துச் சிவப்பு அந்த ரத்தம்தான். துண்டுகள் விழுவது கிழக்குச் சரிவில். அந்தியில் பாம்பு மறுபடி ஒட்டிக்கொண்டு எழுந்து போய்விடும், மண் மட்டும் அதில் ஊறிக் கிடக்கும். ஆடுகூட அங்கே வாய் வைக்காது.

“கிழக்குச் சரிவா?” என்றேன்.

“ஓடத்த எடுங்க மச்சான்.”

எடுத்தேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தங்கை மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுப்பதை என்னால் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

தீவில் கதவு கொஞ்சம் திறந்தது. கிடாய் வாடையோடு ஒரு பெரிய கை வெளியே வந்து உருண்டையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தது. அங்கேயே நின்றது.

“ஒரு கல்லுகூட இல்லையே. யாரு மிதிச்சது?”

“பாஷெத், சாமி.”

“நல்ல காலு” என்றது குரல். எங்கேயிருந்து வந்த மண் என்று கேட்கவே இல்லை. கதவு மூடியது, சக்கரம் சுற்றத் தொடங்கியது.

தாமித் பிறந்தாள். மச்சம்கூடக் கிடையாது, அவ்வளவு திருத்தம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் பாஷெத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மறுநாள் வானம் சிவந்த நேரத்தில் குழந்தை வீறிட்டது. ஹெனுத் துணியை விலக்கினால், வயிற்றுக்குக் குறுக்கே, கத்தியால் கீறியதுபோல் ஒரு வெட்டு. அந்தியில் தானாக மூடிக்கொண்டது. மறுநாள் விடியலில் அதே இடத்தில் மறுபடி. அதற்கடுத்த நாளும் அப்படியே.

சிங்கத்தலை அம்மன் செக்மெத்தின் கோயில் வைத்தியர்கள் தேனும் பஞ்சும் வைத்துக் கட்டினார்கள். ஹெனுத் ஜன்னலை மண் பூசி அடைத்தாள். விடியல் ஜன்னலைக் கேட்டா வருகிறது? ஐந்து மாதம் அந்த வீட்டில் விடியற்காலை என்றாலே குழந்தையின் அலறல்தான். விடிந்தால்தான் எனக்குப் பிழைப்பு. ஆனாலும் விடியலை வெறுத்தேன்.

பிறகு பாஷெத் அந்தச் சரிவு மண்ணையே கொண்டுவந்து, நன்றாக மிதித்து, அந்தியில் குழந்தையின் வயிற்றில் பூசினான். அடுத்த நாள் வெட்டு ஆழம் குறைந்திருந்தது. அன்றிலிருந்து தினமும் போனான். ஊர் மண்ணை யாருக்கோ விட்டுவிட்டு மகளுக்காக மட்டும் மிதித்தான். வெட்டு கீறலானது, கீறல் நகக்குறி ஆனது. ஹெனுத் எனக்கு வெங்காயமும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்து, “அண்ணே, நேத்து அவ சிரிச்சா” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என்னிடம் ஓட்டைப் பானை ஒன்று உண்டு. இரவு தண்ணீர் நிரப்பி வைத்தால், கடைசிச் சொட்டு விழுகிறபோது சூரியன் விளிம்பு காட்டும். அதைப் பார்த்துத்தான் முதல் ஓடம் எடுப்பேன். பானை வற்றிய பிறகும் இருட்டாக இருக்க ஆரம்பித்தது. முதலில் கொஞ்ச நேரம். அப்புறம் இரண்டு பேர் ரொட்டி தின்று முடிக்கிற நேரம். வானத்தில் சிவப்பும் வெளுத்துக்கொண்டே வந்தது. கோதுமை தலை சாய்ந்தது, ஊர் முணுமுணுத்தது.

பாஷெத்தைத் தேடிப் போனேன். மிதித்துக்கொண்டிருந்தான்.

“மாப்ளே, வானத்துல ரத்தம் குறையுது.”

“பாத்தேன்.”

“எதனாலன்னு தெரியுதா?”

காலை நிறுத்தாமலே பேசினான். “இவ மேல விழுற வெட்டு அந்தப் பாம்பு மேல விழுற வெட்டுதான். இவ தோல் கெட்டியானா அதோட தோலும் கெட்டியாகும், படகுல இருக்கவங்களுக்கு வெட்ட நேரமாகும். எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?”

“அப்ப நிறுத்திரு. ஊரு இருக்கு, வெள்ளாமை இருக்கு. வெளிச்சம் இல்லாம யாரு பிழைப்பா?”

“நிறுத்துறேன். மறுநா காலையில அவ வயித்த நீங்க வந்து பிடிச்சுக்குறீங்களா?”

அவன் மண்ணிலிருந்து இறங்கி, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான்.

“ஊருக்குன்னு ரெண்டு பிள்ளையக் கொடுத்தேன் மச்சான். மூணாவதையும் கேக்காதீங்க.”

கோயில் பூசாரிகளிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கிளம்பிப் பாதி வழியில் திரும்பினேன். சொன்னால் குழந்தையை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் ஊர் என்னாகும் என்றும் தெரியும். இரண்டும் தெரிந்தவனுக்குச் சோறு தண்ணீர் இறங்குமா?

அந்த நாளும் வந்தது. பானை வற்றியது. மறுபடி நிரப்பினேன், அதுவும் வற்றியது. கிழக்கே வெளிச்சம் இல்லை. வாத்துகள் கூட்டைவிட்டு இறங்கவில்லை. சரிவுப் பக்கத்திலிருந்து ஏதோ நீளமானது கல்லின்மேல் உரசிக்கொண்டு நகரும் சத்தம் கேட்டது, அது முடியவே இல்லை. தீவில் சக்கரமும் நின்றிருந்தது. நான் தங்கை வீட்டுக்கு ஓடினேன்.

விளக்கொன்று எரிந்தது. ஹெனுத் மடியில் தாமித், பக்கத்தில் பாஷெத். வயிற்றில் ஒரு கோடும் இல்லை. பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தை ஒரு விடியலில் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஹெனுத் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷமா பயமா என்று நான் கேட்கவில்லை.

தெருவில் பந்தங்களோடு கூட்டம் வந்தது. ஊர் பாதி இருக்கும். தினமும் அவன் சரிவுக்குப் போவதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தபூபுவின் குரல் முன்னால் கேட்டது.

“பாஷெத்து, வெளிய வா. சூரியன் எங்க? உன் வீட்டுக்குள்ள என்ன வச்சிருக்க?”

அவள் இடுப்பில் அவள் பிள்ளை இருந்தான், பாஷெத் முழுதாக மிதித்துக் கொடுத்த நாலு உருண்டையில் ஒருவன். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். பாஷெத் அவனைப் பார்த்தான், பிறகு வாசலில் போய் நின்றுகொண்டான்.

“மெதுவாப் பேசுங்கக்கா. இப்பத்தான் தூங்குறா.”

நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் வாசலை அடைத்து நின்றேன்.