வெடிக்காத பிஸ்டல்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் என் கடைக்குள் இரண்டு பேர் கத்தியோடு புகுந்தார்கள். மறுநாள் காலை, உடைந்த ஷட்டரைத் திருத்த ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நரைத்த தாடி, ஒடுங்கிய தோள். புதுப் பூட்டை மூன்று தரம் பூட்டித் திறந்து பார்த்தபிறகே அடுத்த வேலைக்குப் போனார்.

அந்நேரம் எனக்கு ஒரு போன் வந்தது. மலிவாக ஒரு பிஸ்டல் எடுத்துத் தரச்சொல்லி ஒருவனிடம் கேட்டிருந்தேன். பின்னேரம் கொண்டுவரவா என்றான்.

"பிஸ்டலைப் பற்றிக் கொஞ்சத்தாலை சொல்லுறன்" என்று வைத்தேன்.

ஷட்டர் திருத்த வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"தம்பி, நானும் முந்தி வேறை நாட்டிலை இருக்கேக்கை, பயத்திலை ஒரு மலிவுப் பிஸ்டல் வாங்கினனான்."

"பிரயோசனப்பட்டதோ அண்ணை?"

"ஒருநாள் மழைக்குள்ளை ஆரோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்தினம். விரிச்ச குடைக்குப் பின்னாலை முகம் தெரியேல்லை. நேரை பிடிச்சு விசையை இழுத்தன். வெடிக்கேல்லை. குடையை மடக்கினது என்ரை மனிசி."

நான் கையிலிருந்த போனைப் பார்த்தேன்.

"நல்ல பிஸ்டல் எண்டால் வெடிச்சிருக்கும்" என்றார். "நான் பிஸ்டலை முதுகுக்குப் பின்னாலை ஒளிச்சிட்டன். அவவுக்கு இண்டைக்கும் தெரியாது."

அவர் போனதும், வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டேன்.

மனைவிக்கே இத்தனை வருடம் சொல்லாததை, அன்றுதான் கண்ட எனக்கு அவர் எப்படிச் சொன்னார் என்று இன்றும் யோசிக்கிறேன்.