மைக்கு செய்த வாளி

என் தங்கையின் கணவரை எல்லோரும் ‘மைக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தாறு வருடங்களாக ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறார். அவர் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையா என்பது வேறு விஷயம்.

அவர்களுடைய ஒரே மகள் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சுகாதார நிலையத்தில் நர்ஸ். போன வருடம் செப்டம்பர் பதினொன்றாம் தேதி வெள்ளம் பாலத்தை மூடியது. செல்போன் கோபுரமும் படுத்துவிட்டது. இரண்டு நாள் ஐந்து மணி நேரம் அக்கரையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அந்த நேரத்தில் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழியில்லாமல் போனது. அந்தப் பெண் பிழைக்கவில்லை.

“இன்னொரு தரம் அப்படி ஆகாது” என்றார் மைக்கு.

கடையில் விற்கும் அவசரத் தொடர்புப் பெட்டியை விசாரித்தோம். விலையைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினார். “மச்சான், இந்த விலைக்கு நானே ஆத்தை நீந்திக் கடந்து சேதி சொல்லிட்டு வந்துருவேன்!”

பிறகு அவரே செய்யத் தொடங்கினார். இருபது லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு. மூடியை அழுத்தினால் தண்ணீர் புகாது, ஆற்றில் விழுந்தாலும் மிதக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய வாக்கி டாக்கி, மோட்டார் சைக்கிள் பேட்டரி, மடக்கும் சோலார் தகடு, டார்ச். செம்புக் கம்பியில் அவரே செய்த ஏரியலை மூன்று துண்டு பிளாஸ்டிக் குழாயில் சொருகிக் கூரைக்கு மேல் உயர்த்தலாம். எடை ஆறு கிலோ நானூறு கிராம். ஒரு கையால் தூக்கி ஓடலாம். வாக்கி டாக்கிக்கு உரிமம் வாங்கியது நான். ஏழு வாரமும் மூன்று விண்ணப்பமும் ஆயின.

ஒரு வாளி அக்கரைக்கு மகளிடம் போனது. ஜூலையிலிருந்து ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் சோதித்தோம். காலை பத்து மணிக்கு மைக்கு பேசுவார். உடனே மகள் செல்போனில் கூப்பிட்டு, “தெளிவாக் கேக்குதுப்பா” என்பாள். ஒன்பது தடவையும் நோட்டில் ‘சரி’ என்று எழுதினேன்.

இந்த வருடம் அக்டோபர் இருபதாம் தேதி காலை 9.40க்குப் பாலம் மூழ்கியது. 10.15க்குச் செல்போன்கள் ஓய்ந்தன. மைக்கு பதற்றமே இல்லாமல் வாளியைத் திறந்து, ஆறு நிமிடத்தில் ஏரியலை நிறுத்திப் பேசினார். பதில் இல்லை. மறுபடியும் பேசினார். வாக்கி டாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். சத்தமே இல்லை.

“அந்தப் பக்கத்து செட்டு போச்சு மச்சான்.”

“ஒம்போது வாரமா வேலை செஞ்சதுதானே மாப்ளே?”

“வாங்கும்போதே நல்லதாப் பார்த்து வாங்குங்கன்னேன்” என்றாள் தங்கை. “என் பேச்சை எப்ப கேட்டீங்க?”

“ஆரம்பிச்சிட்டியா? நானே இங்க...”

தங்கை பேசிக்கொண்டே வாக்கி டாக்கியைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். “ஏங்க, இந்த பட்டன்ல ஏன் ரப்பர் பேண்ட் போட்டிருக்கீங்க?”

“அழுத்திட்டே இருந்தா கட்டைவிரல் வலிக்குது. மைக்ல சுவிட்ச் போட்டா போட்டதுதானே?”

“அடக் கடவுளே! நீங்க விட்டாத்தானே அவ பேச முடியும்?” ரப்பர் பேண்டைப் பிடுங்கி எறிந்தாள். “இதை வாய்க்குப் போட்டிருந்தா இத்தனை வருஷம் நான் நிம்மதியா இருந்திருப்பேன்!”

பட்டன் மேலே எழும்பிய நொடியே குரல் கேட்டது.

“...அப்பா, அம்மா சொல்றதைக் கேளுங்க! அப்பா, கையை எடுங்க!”

எங்கள் வாக்குவாதம் முழுவதும் அக்கரையில் கேட்டிருக்கிறது. அவர் தொழிலில் யாரும் பதில் பேசுவதில்லை. பட்டனை விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றாதது வியப்பில்லை. ஒன்பது ஞாயிறும் பதில் செல்போனில் வந்தபோது ‘சரி’ என்று என் கையாலேயே எழுதியும் எனக்குத் தோன்றவில்லையே! பதினேழு நிமிடம் போய்விட்டது.

“முதல் பிரசவம். ரத்தம் நிக்கலை. படகு வேணும், செங்கல் சூளைத் துறைக்கு. சீக்கிரம்ப்பா.”

தீயணைப்பு நிலையம் அடுத்த தெரு. தங்கை செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். மைக்கு பட்டனை அழுத்தினார். “படகு வருதும்மா.” விட்டுவிட்டார்.

வாக்கி டாக்கியைக் காதோடு வைத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இருபது நிமிடம், முப்பது, முப்பத்தெட்டு. அவர் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. நான் ஏதோ கேட்க வந்தபோதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

11.16க்குக் கரகரத்தது. “ஏத்தியாச்சுப்பா. நானும் கூடப் போறேன். உசுரோட இருக்கா. குழந்தையும்.”

மைக்கு பட்டனை அழுத்தினார்.

“சரிம்மா” என்றார். உடனே விரலை எடுத்துவிட்டு, அவள் இன்னும் ஏதாவது சொல்வாளோ என்று காத்திருந்தார்.