கல்யாண வாழைமரமும் பட்டறைத் தண்ணீரும்

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் பாளையங்கோட்டையில் குடியிருந்தபோது நடந்தது இது. என் மனைவி அங்கே ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் முயன்றுகொண்டிருந்தாள். விவசாயக் கழிவைக் கொண்டு தண்ணீரில் கலந்த உலோக விஷத்தை எடுப்பதுதான் ஆராய்ச்சி. அவள் பிடித்துக்கொண்டது வாழை. தாமிரபரணிக் கரையில் வாழைக்கா பஞ்சம்?

ஆனால் வயலுக்குப் போக அவளுக்கு நேரம் வேண்டுமே. அதனால் கல்யாணம் முடிந்த வீடுகளில் வாசலில் கட்டிய மரங்களை அவிழ்த்து ஸ்கூட்டரில் கொண்டுவருவது என் பொறுப்பாயிற்று. "மாப்பிள்ளை மாலையே இன்னும் வாடல, அதுக்குள்ள மரத்தை உருவுதீரே வே!" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். எங்கள் மொட்டைமாடி முழுக்க வாழைமட்டைதான் காயும். துணி காயப்போட இடம் கிடையாது. எனக்கு எரிச்சலாக வரும். காய்ந்ததை அவள் இடித்துச் சலித்துப் பொடியாக்கும்போது முகத்தில் இருக்கும் சந்தோஷத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வேன்.

தெருக்கோடியில் ஓர் அண்ணாச்சி, சைக்கிள் ஹேண்டில்பாருக்குக் குரோமிய முலாம் பூசும் பட்டறை வைத்திருந்தார். கழுவிவிடும் தண்ணீர் மஞ்சளாக ஓடும். பட்டறைக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் கிணற்றிலும் அந்த மஞ்சள் இறங்கிவிட்டது. அக்கா மனு கொடுத்தார். தண்ணீரைச் சுத்தம் செய்யாவிட்டால் பட்டறையை மூட வேண்டும் என்று அதிகாரிகள் கெடு வைத்தார்கள். அண்ணாச்சிக்கு வேறு பிழைப்பு தெரியாது. நேராக என் மனைவியிடம் வந்து நின்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை வாசலில் தெருவே கூடிவிட்டது. அடியில் குழாய் வைத்த டிரம்மில் வாழைப்பொடியை நிரப்பி, மேலே மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். அது பைய இறங்கி, அடியில் பளிங்கு மாதிரி வடிந்தது. ஒரே கைதட்டல். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினேன். மரம் சுமந்தவன் இல்லையா!

அண்ணாச்சி ஒரு டம்ளரில் அதைப் பிடித்தார். "எல்லாரும் பாருங்க, நான் குடிச்சே காட்டுதேன்!" என்று வாய்க்கருகே கொண்டுபோனார்.

என் மனைவி பாய்ந்து வந்து டம்ளரைத் தட்டிவிட்டாள். பெரியவர் மேல் கைபட்டதில் கூட்டம் அரண்டுபோயிற்று.

"மஞ்சள்தான் போயிருக்கு அண்ணாச்சி. விஷம் போச்சான்னு நான் இன்னும் பாக்கல."

வடிந்த நீரை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்தாள். ஒரு மருந்தைச் சேர்த்துச் சூடாக்கினாள். ஆறியதும் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நீர் கத்தரிப்பூ நிறமாக மாறியது. குரோமியம் இருந்தால்தான் அந்த நிறம் வரும்; மஞ்சளை மட்டும் இழந்துவிட்டு அது நீரிலேயேதான் இருந்தது. கல்லூரிக்குக் கொண்டுபோய் யாரும் பார்க்காமல் சோதித்திருக்கலாம். அவளோ குழாயை உயர்த்தித் தெருவுக்கே காட்டினாள்.

"இன்னைக்கு இது ஜெயிக்கல. மன்னிச்சிக்கோங்க."

அண்ணாச்சி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. அப்போது பேசியது, மனு கொடுத்த அந்த அக்காதான்.

"இத்தனை பேர் முன்னால தோத்துட்டேன்னு சொல்லுதவ, ஜெயிச்சேன்னு சொன்னா அது நிசமாத்தான் இருக்கும். இவளுக்காக இன்னும் கொஞ்சம் பொறுப்போம். நானே ஆபீசர்ட்ட சொல்லுதேன்."

சொன்னபடியே போய்த் தவணையும் வாங்கித் தந்தார். என் மனைவி மறுபடி உட்கார்ந்தாள். நான் மறுபடி மரம் சுமந்தேன், இந்த முறை முணுமுணுக்காமல். பொடியில் வடிந்த நீரில் சுண்ணாம்பைக் கலந்து, குரோமியம் அடியில் படியும்படி தெளியவிட்டு, அதை இன்னொரு முறை பொடியில் வடித்தாள். மறுபடி சோதித்தபோது கத்தரிப்பூ நிறம் வரவே இல்லை. அப்போதும் யாரையும் குடிக்க விடவில்லை. ஹேண்டில்பார் கழுவ மட்டும் அனுமதி. பட்டறை பிழைத்தது. அக்காவின் கிணறு தெளியத்தான் ரொம்பக் காலம் பிடித்தது.

பிறகு அவளுக்குப் பட்டம் கிடைத்தது. மேடையேறி வாங்கினாள், நானும் கைதட்டினேன். ஆனால் என் மனைவியை நினைத்து நான் தலைநிமிர்ந்து நடக்க ஆரம்பித்தது, ஊரே பாராட்டும்போது "இன்னைக்கு இது ஜெயிக்கல" என்று அவள் அந்தக் குழாயை உயர்த்திக் காட்டிய நாளிலிருந்துதான்.