சபூறாவின் அந்திமந்தாரை

கல்முனைக் கடைத்தெருவில் படக்கடை வைத்திருந்த மசூருக்குக் கோபம் மூக்கு நுனியில். "கொஞ்சம் வெள்ளையா எடுங்க" என்று கேட்டு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவன் அவன். இருக்கிற நிறத்தைத்தான் எடுப்பேன், வேண்டுமானால் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு வரட்டும் என்பான். அவன் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் படமெடுக்க மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினார்கள்.

ஆனால் 1956இல் சீனிமுகம்மது போடியார் மீது அவனுக்கு வந்த கோபம் வேறு மாதிரி. சவளக்கடைப் பக்கம் ஐம்பது ஏக்கர் வயல் வைத்திருந்த அந்த மனிதர் ஒரு மத்தியானம் பித்தளைச் செம்பில் நாலைந்து பூக்களோடு கடைக்குள் வந்தார்.

"தம்பி, இந்தப் பூவக் கிட்ட வச்சு ஒரு படம் எடுக்கணும். ரேகையெல்லாம் தெரியணும். நிறமும் அச்சொட்டா இரிக்கணும். என்ட மகள் சபூறா நட்ட செடி."

சபூறா முதல் பிரசவத்தில் மவுத்தாகி எட்டு மாதம். பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது. மாரி பிறந்தால் செடி அழுகிவிடும், அந்தக் குழந்தைக்கு உம்மா என்று காட்டக் கையில் ஒன்றுமில்லை என்றார் போடியார்.

ஒன்றுமில்லையாம்! மசூருக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு வருடத்துக்கு முன் இதே சபூறா தன் உம்மாவோடு இந்தக் கடைக்கு வந்திருந்தாள். ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் அனுப்ப ஒரு படம் வேண்டும். தேவைக்கு எடுப்பதில் குற்றமில்லை என்று ஆலிமே சொல்லியிருந்தார். அவள் கதிரையில் உட்கார்ந்து முக்காட்டைச் சரி செய்த நேரத்தில் போடியார் உள்ளே பாய்ந்தார். "என்ட குமருப் புள்ளைட முகம் கடையில தொங்குறதோ?" என்று கத்தி, கையைப் பிடித்து இழுத்துப் போனார். விண்ணப்பம் போகவில்லை. மூன்றாம் மாதம் கலியாணம்.

"அண்டைக்குப் புள்ளைய இழுத்துக்கொண்டு போனீங்க, இண்டைக்குப் பூவைத் தூக்கிக்கொண்டு வந்திரிக்கீங்க!" என்றான் மசூர்.

போடியார் குனிந்த தலை நிமிரவில்லை. போகவுமில்லை.

பூ என்ன பாவம் செய்தது என்று மசூர் செம்பை வாங்கிப் பார்த்தான். அந்திமந்தாரை. பின்னேரம் நாலு மணிக்கு மேல் விரிகிற பூவை மத்தியானத்தில் மொட்டாகப் பறித்து, துவண்டுபோக வைத்துக் கொண்டுவந்திருந்தார். செடி கிணற்றடியில் நிற்கிறதாம். பெண்கள் புழங்குகிற இடத்துக்கு அந்நிய ஆணை எப்படிக் கூட்டிப்போவது என்று இழுத்தார் போடியார். கோபத்தில் மசூர் அத்தனையையும் அள்ளி வெளியே எறிந்தான்.

"செடியடிக்கு நான் வரணும். இல்லாட்டி வேற ஆளைப் பாருங்க."

மறுநாள் பெண்களை உள்ளே அனுப்பிவிட்டு அவனைக் கிணற்றடிக்கு விட்டார்கள். வேலை கல்லில் நார் உரிப்பதாக இருந்தது. பூ விரியும்போது வெயில் சாய்ந்துவிடுகிறது. பூவைப் பெரிதாகப் பிடிக்கக் கமராவின் துருத்தியை நீட்ட நீட்ட உள்ளே வெளிச்சம் இன்னும் குறைகிறது. பத்து வினாடியாவது கண்ணாடியைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் கடற்காற்று வந்து பூவை ஆட்டிவிடும். இரண்டு நாளில் ஆறு படத்தகடு வீண். மூன்றாம் நாள் அவன் போடியாரின் கையில் ஒரு பன்பாயைக் கொடுத்துக் காற்றுக்கு மறைப்பாகப் பிடிக்கச் சொன்னான்.

"பாயை ஆட்டாதீங்க! மூச்சும் விடாதீங்க!"

நாற்பது பேரை வயலில் ஏவுகிற மனிதர் பாயை இறுகப் பிடித்து அசையாமல் நின்றார். அவர் நிற்கட்டும் என்று மசூர் வேண்டுமென்றே தாமதித்தான். அன்றைய தகட்டில் இதழின் ரேகையும் மகரந்தத் தூளும் தனித்தனியாக விழுந்திருந்தன.

படம் கறுப்பு வெள்ளைதான். நிறத்தைத் தூரிகையால் ஏற்ற வேண்டும். முதல் பிரதியில் வெறும் சிவப்பு வந்தது. கிழித்தான். அடுத்ததில் ரோசா நிறம் மிஞ்சியது. அதையும் கிழித்தான். பிறகு சாயங்களோடு செடியடியிலேயே குந்தி, சிவப்பில் ஒரு சொட்டு நீலம் சேர்த்து, மூன்றாம் பிரதியைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். வித்தியாசம் தெரியவில்லை.

அதை வாங்கக் கடைக்கு வந்த போடியார் படத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

"அவளே வந்து நிக்கிற மாதிரி இரிக்கி தம்பி."

"அவளில்ல. இது பூ" என்றான் மசூர். கிழவரின் கண்ணீரைக் கண்டு அவன் கோபம் கொஞ்சம் தணிந்தது உண்மைதான். அதனால் குரலை இறக்கிச் சொன்னான். "பேத்திய ஒருக்காக் கூட்டிவாங்க. அந்தப் புள்ளைட முகத்தையாவது ஒரு படம் எடுத்து வைப்பம்."

போடியார் கண்ணைத் துடைத்தார். வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"அது பொம்புளப் புள்ளயெல்லோ தம்பி. ஊர் வாய மூட உலைமூடி இல்லியே."

மசூர் படத்தை அவர் கையிலிருந்து பறித்தான். வயதில் மூத்தவர் என்ற ஒன்றுதான் அவரை அடிக்காமல் அவன் கையைத் தடுத்தது.

"அப்ப ஊரிட்டயே போங்க. சபூறாட முகம் எப்பிடி இரிந்ததெண்டு உங்கட பேத்திக்கு ஊர் வந்து சொல்லட்டும். புள்ளையோட வந்தா இந்தப் படத்தத் தருவன். தனிய வந்தா இல்ல."

போடியார் வெறுங்கையோடு படியிறங்கிப் போனார். மசூர் அவரைத் திருப்பிக் கூப்பிடவில்லை.