தறி வீட்டில் ஒரு சொந்த ரவுட்டர்

விஜயதசமி அன்று காலையில் பல் கூட விளக்கவில்லை, அதற்குள் போன் வந்துவிட்டது. பேசியது கோமதி.

"அண்ணே, நெட்டு போச்சு. பெட்டியில எல்ஓஎஸ் லைட்டு செவப்பா மின்னுது. ஒம்பது மணிக்கு லாகின் பண்ணணும்ண்ணே. இன்னைக்குப் பண்ணலன்னா அவ்வளவுதான்" என்றாள். இன்னும் கொஞ்சம் பேசினால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

கேபிள் டிவி காலத்திலிருந்து சங்கரன்கோவிலில் வயர் இழுக்கிறவன் நான். இப்போது ஃபைபர். ஃபால்ட் என்று போன் வந்தால் நான் டீ குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். அன்றைக்கு அப்படிக் கிளம்ப முடியவில்லை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

முதலாளி போட்ட நிபந்தனை

கோமதியின் அப்பா சண்முகவேல் அண்ணாச்சி விசைத்தறி வைத்திருக்கிறார். முன்பக்கம் தறிக்கூடம், அதன் பின்னால் வீடு. கடைசி அறையில் கோமதியின் அம்மா பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். அந்தக் கட்டிலை ஒட்டித்தான் கோமதியின் மேசை. சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலை. நடுநடுவே எழுந்து அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பதும் மருந்து கொடுப்பதும் அவள்தான்.

நாங்கள் கொடுத்த இன்டர்நெட் பெட்டி தறிக்கூடத்து முன்சுவரில் இருந்தது. அதன் வைஃபை, நடுவில் நிற்கிற இரும்புத் தறிகளை எல்லாம் தாண்டிக் கடைசி அறைக்குப் போவதற்குள் உயிரை விட்டுவிடும். மீட்டிங் நடுவே அறுந்துகொண்டே இருந்தது. மொபைல் டேட்டாவை அவள் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. இனியும் இப்படி ஆனால் சென்னைக்கு வந்து ஆபீசில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்?

அவளே விசாரித்து நல்ல ரவுட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். "உங்க பெட்டிய பிரிட்ஜ் மோடுல போட்டுட்டு, யூசர் ஐடி பாஸ்வேர்டு மட்டும் தாங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். பிரிட்ஜ் மோடு என்றால் எங்கள் பெட்டி ஃபைபரில் வருவதை வாங்கி அப்படியே கை மாற்றிவிடும். பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைவது, வைஃபை கொடுப்பது எல்லாம் வாடிக்கையாளரின் ரவுட்டர் பாடு.

எங்கள் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "ஆளாளுக்கு ஒரு டப்பாவ வாங்கி மாட்டுனா, ஃபால்ட்டு அவுக சாமான்லயா நம்ம சாமான்லயான்னு எப்படிவே கண்டுபிடிக்க? கடைசில திட்டு வாங்குதது நாமதான்" என்றார் என்னிடம். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அப்படி நானே நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒருவழியாக, "வீட்டுக்குள்ள எது நடந்தாலும் இனி எங்களக் கேக்கப்படாதும்மா" என்று சொல்லிச் சம்மதித்தார்.

முன்சுவர்ப் பெட்டியிலிருந்து கடைசி அறை வரைக்கும் லேன் கேபிள் இழுத்தேன். ரவுட்டரில் எல்லாவற்றையும் அவளே போட்டாள். என்னைவிட வேகமாகப் போட்டாள். கேபிளுக்கு நான் ஆணி அடிக்கும்போது சண்முகவேல் அண்ணாச்சி பக்கத்தில் நின்று முனகினார். "தறியில நின்னா வேர்க்கும் தம்பி. அது வேலை. இவ உக்காந்த எடத்துல பெட்டியப் பாத்துக்கிட்டு இருக்கா. அதுக்குப் போயி இம்புட்டு வயரா?"

கோமதியின் காதிலும் விழுந்தது. கேபிள் இழுத்த பிறகு லைன் ஒருநாளும் அறுபடவில்லை, விஜயதசமி வரைக்கும்.

சிவப்பு விளக்கு

அன்று போகிற வழியில் முதலாளிக்குப் போனில் சொன்னேன். "பாத்தியா, சொந்த ரவுட்டரு வேலையக் காட்டிட்டு. அதக் கழத்திப் போட்டுட்டு நம்ம பெட்டியவே பழையபடி வச்சிட்டு வா" என்றார்.

எல்ஓஎஸ் சிவப்பாக மின்னினால் எங்கள் பெட்டிக்கே ஃபைபர் வழியாக வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதற்கும் அவளுடைய ரவுட்டருக்கும் சம்பந்தமே கிடையாது. முதலாளிக்கும் இது தெரியும். கோபம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

முந்தின நாள் ஆயுத பூஜை. தறிகளுக்கு மாலை, மோட்டாருக்குப் பொட்டு. பூஜையில் வைத்த எதையும் மறுநாள் வரை தொடமாட்டார்கள் என்பதால் நெட் போனது யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பெட்டியிலும் பஞ்சுத் தூசியைத் துடைத்து, பொட்டு வைத்து, பூச் சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம்.

பச்சை கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். ஃபைபரின் நுனி அதில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூசி பட்டாலே வெளிச்சம் குறையும். இதில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது, மேலே குங்குமம் வேறு.

"இதக் கழத்துனது யாரு?"

"நாந்தான் தம்பி" என்றார் சண்முகவேல் அண்ணாச்சி. "கழத்துத சாமானையெல்லாம் கழத்தித் தொடச்சுத்தான சாமி கும்பிடுவோம்? நூலக் கொண்டுக்கிட்டு ஓடுத நாடாவுக்கு ரெண்டு மொனையிலயும் பொட்டு வைப்பேன். இதுலயும் ஒரு மொனை இருந்துச்சு, வச்சேன். பொறவு பழையபடி சொருகிட்டேன். ஏன், வைக்கப்படாதா?"

கோமதிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்ப்பா இதப் போயித் தொட்டிய? எனக்கு வேல போச்சுன்னா அம்மாவ யாரு பாப்பா?"

"தறிக்கு வைக்கேன், மோட்டாருக்கு வைக்கேன். நீ பொழைக்குத சாமானுக்கு வைக்காம இருப்பனா?" என்றார் அவர்.

நான் கடைசி அறையை எட்டிப் பார்த்தேன். அவளுடைய ரவுட்டரின் தலையிலும் அளவாக ஒரு பொட்டு. இம்புட்டு வயரா என்று கேட்ட மனுஷன் வைத்தது.

அந்நேரம் முதலாளி கூப்பிட்டார். "கழத்தியாச்சா?"

"ரவுட்டர்ல ஒண்ணுமில்ல மொதலாளி. கனெக்டர்தான் கெட்டுட்டு. வேற போடுதேன்."

"சரி, வெரசா முடி. அந்தப் புள்ள பாவம்" என்றார்.

நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புது கனெக்டர் போட்டேன். பெட்டியின் துளையைச் சுத்தம் செய்து, மீட்டரில் வெளிச்சத்தைப் பார்த்துச் சொருகினேன். சிவப்பு அணைந்தது. கோமதி உள்ளே ஓடினாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகளிடம் நான் சொல்வது இதுதான். சொந்த ரவுட்டர் கேட்டு வருகிறவர் நம்மை நம்பாமல் வரவில்லை, தன் பிழைப்புக்கு ஒரு கருவி வாங்கிக்கொண்டு வருகிறார். பாஸ்வேர்டைக் கொடுங்கள். ஃபால்ட் என்றால் அவர் சாமான்மேல் பழி போடும் முன்னால் நம் பெட்டியின் விளக்கைப் பாருங்கள். பச்சை கனெக்டரைக் கழற்றக் கூடாது என்று வீட்டில் இருக்கிற அத்தனை பேரிடமும் சொல்லுங்கள். பொட்டை மேல்மூடியில் வைத்துக்கொள்ளட்டும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்துத்தான் தறியை ஓட்டத் தொடங்குவார்கள். நான் சாமான்களை எடுத்துப் பையில் போடும்போது அந்த நேரம் வந்துவிட்டது. தறி ஓட்ட வந்தவர்கள் அவரவர் தறிப் பக்கம் நின்றார்கள். "நேரம் போகுது அண்ணாச்சி, சுச்சப் போடுங்க" என்றார் ஒருவர்.

சண்முகவேல் அண்ணாச்சி சுவிட்சில் கையை வைத்தபடி உள்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இரும்வே. மொதல்ல அவளுது ஓடட்டும்."

"லாகின் ஆயிட்டுப்பா!" என்று கடைசி அறையிலிருந்து சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் சுவிட்சைப் போட்டார்.